சகுந்தலா அளந்த விண்வெளி

காங்கேயத்திலிருந்து போன் வந்தபோது நான் ஒரு பம்பு உறையின் வரைபடத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். சகுந்தலாவின் தம்பி பேசினார். "அக்கா காலைல போயிட்டாங்க" என்று சொல்லிவிட்டு, மதியத்துக்குள் எடுத்துவிடுவதாகவும் சொன்னார். எங்கள் பம்பு கம்பெனியின் வரைவுப் பிரிவில் பதினோரு வருடம் எனக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்திருந்தவர். சிறுநீரகக் கோளாறு அவரைச் சாய்க்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தும், பென்சிலைக் கீழே வைக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு விளையாடிய நண்பர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். விளையாட்டை அறியாத அவருடைய உறவினர்களும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கியே சொல்கிறேன்.

சுமார் எட்டு வருடத்துக்கு முன், இந்தத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எங்கள் நண்பர் ரங்கராஜுக்குச் சிங்கப்பூரிலிருந்து அவருடைய அண்ணன் ஒரு பெட்டி அனுப்பினார். விண்கப்பல்கள் மோதிக்கொள்ளும் விளையாட்டு. அறுகோணக் கட்டங்கள் அச்சிட்ட ஒரு தாள்தான் விண்வெளி. அட்டைக் காய்கள்தான் கப்பல்கள். ஒவ்வொரு சுற்றிலும் நம் கப்பல் எங்கே போகும் என்பதை ரகசியமாகத் தாளில் எழுதிவைத்துவிட்டு, இரு தரப்பும் ஒரே நேரத்தில் நகர்த்த வேண்டும். தாளின் விளிம்பைத் தாண்டிய கப்பல் தோற்றது. பீளமேட்டில் ரங்கராஜ் வீட்டு மாடியில், டேபிள் டென்னிஸ் மேசையின் மேல் விளையாடினோம். சகுந்தலாவை நான்தான் அழைத்துப் போனேன். முதல் நாளே என்னை இரண்டு முறை தோற்கடித்தார்.

பெட்டியில் வந்த தாள் சிறியது. நீளத்தில் முப்பது கட்டம், அகலத்தில் இருபது. வேகமான கப்பல் ஒரு சுற்றில் பத்துக் கட்டம் போகும் என்பதால், திரும்ப இடமில்லாமல் விளிம்பில் போய் விழும். விண்வெளிக்கு ஏது எல்லை என்று சொல்லி, அதை நகலெடுத்து ஒன்பது தாள்களை ஒட்டித் தரை முழுக்க விரித்தேன். அதில் நடந்த போர் மூன்று ஞாயிறுகள் நீடித்தது. வேகமான கப்பல் பின்வாங்கிக்கொண்டே தூரத்திலிருந்து சுட்டது. கனமான கப்பல் அதைப் பிடிக்க முடியாமல் பின்னாலேயே அலைந்தது. நாலாவது ஞாயிறு இரண்டு பேர் வரவில்லை.

மறுநாள் உணவு இடைவேளையில் சகுந்தலா என் மேசைக்கு வந்து ஒரு தாளை வைத்தார். மிக நீண்ட தூரம் சுடும் ஆயுதம் பதினைந்து கட்டம் எட்டும். ஆகவே இரண்டு படைகளுக்கும் நடுவே இருபது கட்டம் விட்டால், ஆரம்பத்திலேயே யாரும் யாரையும் சுட முடியாது. ஒவ்வொரு படைக்கும் பின்னால் இன்னும் இருபது. வேகமான கப்பல் இரண்டு சுற்று பின்வாங்கலாம், மூன்றாவது சுற்றில் திரும்பித்தான் ஆக வேண்டும். மொத்தம் அறுபது நீளம், நாற்பது அகலம்.

"ஓடறவனுக்கும் எடம் வேணுமுங்க. தொரத்தறவனுக்கும் நம்பிக்கை வேணுமுங்க" என்றார். டிரேசிங் தாளில் கட்டங்களைக் கையாலேயே வரைந்து, அம்மோனியா பிரிண்ட் என்னும் நீல நகல் எடுத்து, இருபது இருபது கட்டமாக மூன்று தாள்களைக் கோந்து போட்டு ஒட்டினார். அந்த நீல வரைபடத்தில்தான் எங்கள் குழு மறுபடி உயிர்பெற்றது.

இரண்டு வருடம் கழித்து பெங்களூரிலிருந்து ஒரு குழு கோப்பை வைத்து எங்களோடு மோத வந்தது. அவர்களிடம் வேகமான கப்பல்கள். நாங்கள் தேர்ந்திருந்தவை மெதுவானவை, கிட்டத்தில் மட்டும் பலமானவை. பெட்டியோடு வந்த சிறிய தாளையே விரித்தால் அவர்கள் தப்ப முடியாது என்று ரங்கராஜ் சொன்னார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. சகுந்தலா மறுத்துவிட்டார்.

"நாம ஜெயிக்கறதுக்குன்னு மேப்பச் சுருக்குனா, அது வெளையாட்டு இல்லீங்க. எலிப்பொறி."

நீல வரைபடத்தின் புதிய பிரதி ஒன்றை ஒட்டி விரித்தார். எங்கள் தரப்புக்கு அவர் கட்டளையிட, இரு தரப்புக் காய்களையும் நான் நகர்த்தினேன். கடைசியில் அவர்களிடம் ஒரு கப்பல் மிஞ்சியது. அது இரண்டு சுற்று பின்வாங்கியது. எழுதிவைத்த கணக்குப்படி கடைசிக் கட்டத்தில் நின்றிருக்க வேண்டும். ஆனால் விளிம்பைத் தாண்டிவிட்டது. தாங்கள்தான் தப்பாக எண்ணிவிட்டதாக நினைத்து அவர்கள் கை கொடுத்தார்கள். ரங்கராஜின் அப்பா கோப்பையைச் சகுந்தலா கையில் கொடுத்தார். விருந்தினர்கள் காந்திபுரம் பேருந்து நிலையத்துக்குக் கிளம்பினார்கள்.

வரைபடத்தை மூன்றாக மடிக்கும்போது சகுந்தலாவின் கை நின்றது. ஒரு பக்கத் தாள் மற்ற இரண்டைவிடக் குட்டையாக இருந்தது. எண்ணினார். பதினெட்டு. ஒட்டும்போது இரண்டு வரிசை ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தது. ஒரு வரிசை ஏறியிருந்தால் அறுகோணங்கள் கோணிக் காட்டிக்கொடுத்திருக்கும். இரண்டு ஏறியதால் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

விடுங்கள், அவர்களுக்கே தெரியவில்லை என்றார் ரங்கராஜ். சகுந்தலா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஒட்டுனது நானுங்க. இன்னிக்குச் சொல்லாம உட்டுப்போட்டா, நாளைக்கு அளவுன்னு எதைங்க நான் பேசறது?"

தன் மொபெட்டில் தனியாகவே பேருந்து நிலையம் போனார். ஏறி உட்கார்ந்துவிட்டவர்களை இறக்கி அழைத்து வந்தார். இரண்டு வரிசையை ஒட்டிச் சேர்த்து, எழுதிவைத்த நகர்வுகளின்படி கப்பலைக் கடைசிக் கட்டத்தில் நிறுத்தி, ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். சகுந்தலா கொஞ்சமும் விட்டுக்கொடுத்து ஆடவில்லை; நெற்றி வியர்க்க ஆடினார். ஐந்தாவது சுற்றில் நாங்கள் தோற்றோம். கோப்பையோடு டிரேசிங் தாளின் பிரதியையும் கேட்டு வாங்கிப்போனார்கள். இன்றும் அங்கே அறுபதுக்கு நாற்பதில்தான் ஆடுகிறார்கள் என்று கேள்வி. ரங்கராஜ் அவரோடு ஒரு மாதம் பேசவில்லை. பிறகு அவரே பிஸ்கட் டப்பாவோடு வரைவுப் பிரிவுக்கு வந்து நின்றார்.

இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கப்பல் விளிம்பைத் தாண்டியபோது, காய் என் கையில் இருந்தது. வரைவுப் பிரிவுப் பழக்கத்தில் கட்டங்களை எண்ணிவிட்டேன். பதினெட்டு என்று எனக்கு அப்போதே தெரியும். ஜெயிக்கப்போகிறோம் என்ற ஆசையில் வாயை மூடிக்கொண்டேன். அவர் மொபெட்டை எடுத்தபோதும் மாடியில்தான் நின்றேன்.

இரண்டு மாதத்துக்கு முன் காங்கேயத்தில் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். கால்கள் வீங்கியிருந்தன, குரல் மட்டும் தெளிவாக இருந்தது. குழுவைப் பற்றிக் கேட்டார். பேச்சுவாக்கில் அதைச் சொல்லிவிட்டேன். ஆறு வருடம் சுமந்ததை இறக்கிவைத்துவிட்டு, கோபத்துக்காகக் காத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

"அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா, பஸ் ஸ்டாண்டுக்கு ரெண்டு பேருமாப் போயிருக்கலாமுங்க ஜேம்ஸ். எனக்குந்தான் பயமா இருந்துச்சு."

அவருக்கு பயம் இருந்தது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

சென்ற வாரம், நான் சரிபார்த்து அனுப்பிய வரைபடத்தில் ஒரு துளையின் அளவு பிசகியிருந்தது தெரிந்தது. வார்ப்புக்கு இன்னும் போகவில்லை; சத்தமில்லாமல் திருத்திய பிரதியை மாற்றிவைத்திருக்கலாம். வரைந்தது புதிதாகச் சேர்ந்த அமுதா. முகம் வெளுத்து நின்றார். நானும் சேர்ந்து வருகிறேன் என்று சொன்னேன்; இருவருமாக மேலாளர் அறைக்கு நடந்தோம். சகுந்தலாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த நடைதான்.