குருட்டுக் கெண்டை குளிக்க வரும் நேரம்

ஷிகேயின் வீட்டில் வருஷத்தை எண்ணால் சொல்லும் வழக்கம் இல்லை. தீயையும் பூமி அதிர்ச்சியையும் வைத்துத்தான் சொல்வார்கள். ஊருக்கு எடோ என்று பேர் இருந்த காலத்தில் ஒரு பெருந்தீ. அப்போது அந்தப் பக்கம் சுமிதா ஆற்றுக்குப் பாலம் கிடையாது. ஓடிவந்த ஜனம் கரையிலேயே நின்று வெந்தது. அதில் தப்பிய ஒரு படகுக்காரன்தான் ஷிகேயின் வம்சத்துக்கு மூத்தவன். இன்னொரு தரம் அப்படி ஆகக் கூடாதென்று பிறகு ரியோகோகு பாலத்தைப் போட்டார்கள். அவன் வழியில் வந்த ஒருத்தி, பூமி அதிர்ந்த வருஷத்தில் மூங்கில் தோப்பில் பிள்ளை பெற்றாள். அந்தப் பிள்ளை, நாட்டை ஆண்டுகொண்டிருந்த ஷோகன் கோட்டையை விட்டுப் போன வருஷம், உயெனோ பக்கம் பீரங்கி வெடித்ததைக் கூரையேறிப் பார்த்தது. அவன் இறங்கி வருவதற்குள் ஊர்ப் பேர் டோக்கியோ என்று ஆகிவிட்டதாம். அவன் மகன் வண்டிக்காரன். வண்டிக்காரனுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் ஷிகே, இளையவன் சென்கிச்சி.

சென்கிச்சி நடை பழகும்போது கரியடுப்பின் மேல் மல்லாக்க விழுந்தான். இடது தோள்பட்டைக்குக் கீழே விசிறி விரித்தது போன்ற கிங்கோ மரத்து இலை மாதிரி ஒரு வடு. அதிலிருந்து சூடென்றால் ஆகாது. பொதுக் குளியல் வீட்டுக்கு அழைத்துப் போனால் தொட்டியைக் கண்டதுமே அலறுவான்.

"கொதிக்கிற தண்ணியில இறங்கி, அப்பாடான்னு கண்ண மூடுறவன்தான்டா நம்ம ஊர்க்காரன். நீ எந்த ஊர்டா?" என்று கிழவர்கள் கேலி பண்ணுவார்கள். ஷிகேதான் ஒரு வாளி பச்சைத் தண்ணீரைக் கலந்து, தம்பியின் கையைப் பிடித்து இறக்கிவிடுவாள்.

அந்தக் கையைத்தான் அவள் விட்டுவிட்டாள். தைஷோ ராஜா காலத்துப் பூமிப் பேரதிர்ச்சி வந்த நாள். மத்தியானச் சோற்றுக்கு எல்லா வீட்டிலும் அடுப்பு எரிந்துகொண்டிருந்த வேளை. வண்டியோடு போன அப்பா வரவே இல்லை. அம்மா இரண்டு பிள்ளைகளையும் முன்னால் தள்ளிக்கொண்டு ரியோகோகு பாலத்தில் ஏறினாள். நெரிசலில் யாரோ ஒருவனுடைய மூட்டை ஷிகேயின் கைக்கும் தம்பியின் கைக்கும் நடுவில் புகுந்தது. மூட்டை விலகியபோது கை இல்லை. தப்பிப்பதற்கென்று போட்ட பாலத்திலேயே அவள் வீட்டுப் பிள்ளை தொலைந்தது.

அக்கரையில் ஒரு கோயில் வாசலில் பிள்ளை தேடும் கல் இருந்தது. அந்த ஊரில் பழைய ஏற்பாடு அது. ஒரு பக்கம், தொலைத்தவர்கள் காகிதம் ஒட்டுவது. மறுபக்கம், கண்டெடுத்தவர்கள் ஒட்டுவது. அம்மா புகை குடித்த நெஞ்சோடு கூடாரத்தில் கிடந்தாள். அவள் சொல்லச் சொல்ல, பக்கத்தில் ஒதுங்கியிருந்த நூடுல்ஸ் கடைக்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்தார்: பேர், வயது, இலை வடு. ஷிகே எடுத்துக்கொண்டு ஓடினாள். அவளுக்கு எழுத்து தெரியாது. ஒரு பக்கம் காகிதத்துக்கு மேல் காகிதமாக அப்பிக் கிடந்தது. மறுபக்கம் அனேகமாக வெறும் கல். என் தம்பி பேரை யாரும் மறைக்கக் கூடாது என்று, வெறுமையாக இருந்த பக்கத்தில் சோற்றுப் பசையை அழுத்தித் தேய்த்து ஒட்டினாள்.

பிறகு தினமும் போய், நெரிசலான பக்கத்தைக் காட்டி, வருகிறவர் போகிறவரை வாசிக்கச் சொல்லிக் கேட்பாள். மகனைக் காணோம். பெண்டாட்டியைக் காணோம். கைக்குழந்தையைக் காணோம். கண்டேன் என்று ஒருவர்கூட எழுதவில்லை. ஊரே அப்படிக் கிடந்ததால் அவளுக்குச் சந்தேகமும் வரவில்லை. மழை வந்தது, காகிதமெல்லாம் கரைந்து போனது.

"முகம் மாறிப் போகும்டி. முதுகு மாறாது. முதுகப் பாரு," என்று சொல்லிவிட்டு அம்மா அடுத்த குளிர்காலத்தில் கண்ணை மூடினாள்.

முதுகு பார்க்கக் குளியல் வீட்டைவிட நல்ல இடம் உண்டா? ஷிகே பாலத்தடிக் குளியல் வீட்டில் தரை தேய்க்கச் சேர்ந்தாள். பிறகு வாசலில், ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் தெரிகிற உயர்ந்த ஆசனத்தில் உட்கார்ந்து காசு வாங்கும் வேலை கிடைத்தது. அவள் கண் ஆண்கள் பக்கமே இருக்கும்.

"ஷிகே அக்கா, முன்னாடி பாக்குறதுக்கு ஒண்ணும் இல்லையா, முதுகையே பாக்குற?"

"உன் முன்பக்கத்துல பாக்க என்னடா இருக்கு? போய் நல்லாத் தேய்."

வரன்கள் வந்தன. பாலத்தடியை விட்டு வர மாட்டேன் என்றாள். கடைசியில் அதே வீட்டுக் கொதிகலனுக்கு விறகு தள்ளும் குமேஸோவைக் கட்டிக்கொண்டாள். எதற்கு முதுகு பார்க்கிறாய் என்று அவன் மட்டுந்தான் கேட்கவில்லை.

குளிக்க வருகிறவர்களில் சாரக்காரர் கூட்டமும் உண்டு. சாரம் கட்டுவது, தீப்பிடித்தால் அணைக்க ஓடுவது அவர்கள் தொழில். கழுத்து முதல் தொடை வரை பச்சை குத்தியிருப்பார்கள். அந்த முதுகுகளில் பார்க்க என்ன இருக்கிறது என்று ஷிகே தாண்டிவிடுவாள். அவர்களில் மத்சுஜி என்று ஒருவன். தலைவர் தோமேகோரோவின் மகன். அவன் முதுகு முழுக்க அலை, அலைக்கு நடுவில் தாவுகிற பெரிய கெண்டை மீன். ஆனால் கெண்டைக்குக் கண் இல்லை. கண் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக விட்டுப்போயிருந்தது. அதனால் அவனுக்குக் குருட்டுக் கெண்டை என்று பேர். தீக்குள் புகுந்து வருகிற அந்த ஆள் வெந்நீருக்குப் பயந்து, தொட்டி ஓரத்தில் நின்று கால் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பான்.

"டேய் குருட்டுக் கெண்டை, குழம்புல போடவா கூப்பிடுறோம்? இறங்குடா!"

"அக்கா, இவனுங்க என்னைக் கொல்லப் பாக்குறானுங்க. கொஞ்சம் சொல்லேன்."

ஷிகேயும் மற்றவர்களோடு சேர்ந்து சிரிப்பாள். சிரித்துக்கொண்டே கொதிகலன் பக்கம் திரும்பி, "ஏங்க, கொஞ்சம் ஆற விடுங்க, கெண்டை வந்திருக்கு," என்று குரல் கொடுப்பாள். ஏன் அவனுக்கு மட்டும் இந்தச் சலுகை என்று அவளுக்கே தெரியாது. வருஷக்கணக்கில் இது நடந்தது.

பிறகு விமானங்கள் தீயைக் கொட்டிய வருஷம் வந்தது. குளியல் வீடும் தெருவும் போயின. மத்சுஜி தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி பாலத்தடியில் செத்தான் என்றார்கள். ஷிகேயும் அழுதாள், தெருக்காரன் ஒருவனுக்கு அழுகிற அளவு.

சண்டை முடிந்து, தகரக் கூரை போட்டுக் குளியல் வீட்டை மறுபடி திறந்தார்கள். ஒரு சாயங்காலம் தோமேகோரோ வந்தார். எலும்பும் பச்சையுமாக இருந்தார். அதே நேரம் போர்முனையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த டோஃபுக்காரன் உள்ளிருந்து கத்தினான்.

"தலைவரே! நம்ம குருட்டுக் கெண்டை எங்க?"

எல்லார் கையும் தேய்ப்பதை நிறுத்தியது.

"பாலத்தடியில விட்டுட்டேன்பா," என்றார் கிழவர். "எடுத்ததும் அங்கதான், விட்டதும் அங்கதான்."

"எடுத்ததா?"

"என் ரத்தம் இல்லடா அவன். பேரதிர்ச்சியன்னிக்குப் பாலத்துல என் கால்ல சிக்கினான். பயத்துல மாசக்கணக்கா வாய் திறக்கல. திறந்தப்போ பேரு மறந்துபோச்சு. நான்தான் மத்சுஜின்னு வச்சேன். கெண்டைக்குக் கண்ணு இல்ல, கண்ணு இல்லன்னு சிரிச்சீங்களே, அது சின்ன வயசுல சுட்ட வடு. பச்சை குத்துறவர் எத்தனை தரம் ஊசி போட்டாலும் அந்த இலை மேல மை நிக்கல."

ஷிகே ஆசனத்திலிருந்து இறங்கினாள். ஆண்கள் பக்கம், ஈரத் தரையில், காலுறையோடு நடந்து அவர் முன்னால் போய் நின்றாள். யாரும் கேலி பண்ணவில்லை.

"தலைவரே, கல்லுல போய்ப் பாக்கலையா நீங்க?"

"பாக்காம? தேடுறவங்க பக்கம் ஒண்ணு விடாமப் படிச்சேன். வடு உள்ள பிள்ளையை யாரும் தேடல. கண்டவங்க பக்கம் நானும் ஒண்ணு ஒட்டினேன். அங்க ஏற்கெனவே ஒண்ணு இருந்துச்சு. என்னைப் போல யாரோ கண்டெடுத்தவன்னு நினைச்சு, அதைப் படிக்காமலே பக்கத்துல ஒட்டினேன்."

"எது கண்டவங்க பக்கம்?"

"வெறுமையாக் கிடந்ததே, அது."

"அது நான் ஒட்டினது," என்றாள் ஷிகே. "சோத்துப் பசை வச்சு நான்தான் ஒட்டினேன். அவன் பேரு சென்கிச்சி."

கிழவர் அவள் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். "நாங்க வீட்டுல உன்னைப் பத்திப் பேசியிருக்கோம்மா. அப்பா, தொட்டிக்காரக்கா எனக்காகத் தண்ணிய ஆற விடுறாங்க, ஏன்னு தெரியலன்னு சொல்லுவான்."

அதற்குப் பிறகு ஷிகே முதுகு பார்ப்பதை விட்டுவிட்டாள். ஆசனத்தை விடவில்லை. தெருவிளக்கு எரியத் தொடங்கி, சாரக்காரர்கள் வேலை முடித்து வருகிற நேரமானால் கொதிகலன் பக்கம் திரும்புவாள்.

"ஏங்க, கொஞ்சம் ஆற விடுங்க."

"அக்கா, இது என்ன பிள்ளை குளிப்பாட்டுற தண்ணியா?" என்று தொட்டிக்குள்ளிருந்து புதுசாகக் குடிவந்தவன் எவனாவது கூவுவான்.

"கொஞ்ச நேரம் பொறுத்துக்கப்பா," என்பாள் ஷிகே, வாசல் திரையைப் பார்த்துக்கொண்டே. குமேஸோ ஒன்றும் கேட்காமல் இரண்டு கட்டை விறகை வெளியே இழுத்து வைப்பான்.