கறார் நாடு ஒதுக்கிய கருவி

எங்கள் அலுவலகத்தில் அவளுக்குத் ‘தோண்டி’ என்று பெயர். மருத்துவமனைகளுக்குப் புதுக் கருவி வாங்கலாமா என்று பல நாட்டு அறிக்கைகளை ஒப்பிட்டுச் சொல்வது அவள் வேலை. பதினோரு வருடமாக அதே மூலை மேசை. நானெல்லாம் முதல் பக்கத்துச் சுருக்கத்தோடு மூடிவிடுவேன். அவள் பின்னிணைப்பு வரை துருவுவாள். நாடுகளுக்குப் பட்டப்பெயர் வேறு. எதற்கெடுத்தாலும் ஆதாரம் கேட்பது கறார் நாடு. வாங்கிய பிறகும் இரண்டு வருடம் பலனை எண்ணிக்கொண்டே இருப்பது ஆமை நாடு.

அன்று பதினோரு மணிக்குக் குழுக் கூட்டம். பச்சிளங்குழந்தைக்கு மூச்சு நின்றால் கூவும் கருவி ஒன்று வந்திருந்தது. கறார் நாடு அதைப் ‘பயனில்லை’ என்று ஒதுக்கியிருந்தது. எங்கள் தலைவருக்குக் கறார் நாடு சொன்னால் வேதவாக்கு. மறுப்புக் கடிதத்தை நானே அடித்து வைத்துவிட்டேன். தோண்டிக்கு மனசு ஆறவில்லை. அவள் தங்கை குழந்தைகள் வார்டில் நர்ஸ்.

பத்தே முக்காலுக்கு மூலையிலிருந்து ஒரே கத்தல்.

“அண்ணே, கிடைச்சிடுச்சு! பின்னிணைப்புல இருக்கு, கறார் நாட்டுல ஒரு குழந்தைக்கு ஒரு நர்ஸ்! பக்கத்துலயே உக்காந்திருக்காங்க. கருவி கூவறதுக்குள்ள அவங்களே பாத்துடறாங்க. அதான் பயனில்லைன்னு எழுதிட்டாங்க!”

செருப்பைக்கூட மாட்டாமல் கூட்ட அறைக்கு ஓடினாள். கடிதத்தோடு நானும் பின்னால் ஓடினேன்.

“அவங்களே வேண்டாம்னுட்டாங்களேம்மா,” என்றார் தலைவர்.

“அவங்களுக்கு வேண்டாம் சார். நம்ம வார்டுல ஒரு நர்ஸுக்கு எத்தனை குழந்தைன்னு ஃபைல்ல எழுதியிருக்கோமா?”

எழுதியிருக்க வேண்டியவன் நான். அவள் தங்கைக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தாள்.

“இப்ப வார்டுல எத்தனை குழந்தைடி?”

“பதினாலுக்கா. நான் ஒருத்திதான். ரெண்டு அழுதுட்டிருக்கு. அதுங்களைப் பத்திக் கவலையில்ல. சத்தமில்லாம கிடக்கற பன்னெண்டைத்தான் ஓடி ஓடித் தொட்டுப் பாத்துட்டிருக்கேன். வெச்சிடறேன்க்கா.”

தலைவர் என் கையிலிருந்த கடிதத்தை வாங்கி இரண்டாகக் கிழித்தார்.

“முதல்ல அந்த வார்டுக்கு வாங்குவோம். ஆறு மாசம் எண்ணிப் பாத்துட்டு மத்த இடத்துக்கு யோசிப்போம்.”

“எத்தனை சார்?” என்றேன்.

“பதினாலு. ஒண்ணுகூடக் குறையக் கூடாது.”

தோண்டி கத்தியே விட்டாள். கூட்டத்தில் கத்தக் கூடாது என்று அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை. நானும் சேர்ந்து கத்திக்கொண்டிருந்தேன்.