தம்பி அறைந்த காட்சி

தம்பியும் நானும் பேச்சை நிறுத்தி இரண்டு வருடம் ஆகியிருந்தபோது, எங்கள் அத்தை மகன் எங்கள் இருவரையும் வைத்துப் படம் எடுத்தான். வீட்டைவிட்டுப் போன அப்பாவைத் தேடி அண்ணனும் தம்பியும் ஒரு பழைய ஆம்னி வேனில் பேரையூர்ப் பக்கம் போகிற கதை. போகப் போக அவர்களுக்குள் பாசம் கூடும். அத்தை மகனுக்குப் பின்னால் எந்தப் படக் கம்பெனியும் இல்லை, இரண்டு நண்பர்கள்தான். தம்பியாக நடிக்கச் சென்னையிலிருந்து ஒருவன் வருவதாக என்னிடம் சொல்லியிருந்தான். தம்பியிடமும் அதே மாதிரி ஒரு பொய். முதல் நாள் காலை அவனியாபுரத்தில் வண்டிக் கதவைத் திறந்தால், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என் தம்பி.

இறங்கிப் போயிருக்கலாம். முதலில் இறங்குகிறவன் தோற்றவன் என்று இருவருமே நினைத்தோம் போலிருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன்பு, தம்பிக்குப் பேசி முடித்திருந்த பெண்ணின் அப்பா என் அலுவலகத்துக்கே வந்து விசாரித்திருந்தார். மாப்பிள்ளை குடிப்பாரா என்றார். ஆமாம் என்றேன். வாரத்தில் எத்தனை நாள் என்பதையும் சொன்னேன். அதை அவர் கேட்கவில்லை. கல்யாணம் நின்றுபோனது.

கேமரா ஓடும்போது தம்பி என் தோளில் கைபோட்டுச் சிரிப்பான். கட் சொன்னதும் ஜன்னல் பக்கம் திரும்பிக் காறித் துப்புவான். நானும் லேசுப்பட்டவன் இல்லை. அவன் வசனம் மறக்கும்போதெல்லாம் எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்தேன்.

ஏழாம் நாள், கல்லுப்பட்டி தாண்டிக் கரிசல் காட்டோரம் வண்டியை நிறுத்தி, தம்பி அண்ணனை அறைகிற காட்சி. கை படாமல் அடிக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவன் விட்ட அறையில் என் கண்ணாடி தெறித்து விழுந்தது. பிறகு அவன் பேசியது எழுதிக் கொடுத்த வசனம் இல்லை.

"அந்த ஆளு வந்து கேட்டப்ப உனக்கு அம்புட்டு சந்தோசமாடா?"

அவன் என்னை டா போட்டது அதுதான் முதல் தடவை.

"ஆமா. நீ நல்லா இருந்துரக் கூடாதுன்னுதான் சொன்னேன்."

உண்மையைச் சொல்வது என் கடமை என்றே அதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தை மகன் கட் சொல்லவில்லை. அந்தக் காட்சியை நீக்கிவிடச் சொல்லிப் பிறகு எவ்வளவோ கேட்டும் பார்த்தேன்.

"படத்துல அது ஒண்ணுதான் மச்சான் நெசம்" என்று சொல்லிவிட்டான்.

கடைசியில் கட்டிப்பிடிக்கிற காட்சிக்குத் தம்பி ஒத்துக்கொள்ளவே இல்லை.

போன வருடம் மதுரையில் ஒரு சின்ன அரங்கில் படத்தைத் திரையிட்டார்கள். அறுபது பேர் இருந்திருப்பார்கள். அறை விழுந்த இடத்தில் கை தட்டினார்கள். முடிந்ததும், அந்தக் காட்சிக்கு எப்படித் தயாரானீர்கள் என்று ஒருவர் கேட்டார். தம்பி மைக்கை வாங்கி, என்னைக் காட்டி, "அவரு நல்ல நடிகரு. வீட்லயும் அப்படித்தான்" என்றான்.

அடுத்து மைக் என்னிடம் வந்தது. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அன்றைக்கு அவன் குடித்துவிட்டு நடித்தான் என்றேன். அது பொய். கல்யாணம் நின்ற நாளிலிருந்து அவன் குடிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். எல்லோரும் வேடிக்கை என்று நினைத்துச் சிரிக்க, அவன் எழுந்து வெளியே போனான்.

அடுத்த வாரம் அவனுடைய லேத் பட்டறைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் மெஷினை ஓடவிட்டான். அந்தச் சத்தத்தில் நான் மன்னிப்புக் கேட்டது அவன் காதில் விழுந்திருக்காது. சற்று நேரம் நின்றுவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்து வந்துவிட்டேன்.