ஒரு கரண்டித் தண்ணீர்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருபது நாள் யாரும் சாப்பிடவில்லை. அங்கே அக்காவின் புராஜெக்ட் குடியிருந்தது. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அக்கா குரோம்பேட்டையிலேயே இன்ஜினியரிங் கடைசி வருடம். எதிரெதிரே சாய்த்து வைத்த இரண்டு ஊசிகளிலிருந்து கிளிசரின் கலந்த தண்ணீர் பீய்ச்சி, சொட்டுச் சொட்டாக உடைந்து, நடுவில் வந்து முட்டிக்கொள்ளும். அந்த முட்டலை ஃப்ளாஷ் போட்டுப் படமெடுக்க வேண்டும். மின்சார ரயில் போகும்போதெல்லாம் மேசை நடுங்கும். ஆகவே இரண்டு ரயில்களுக்கு இடையில்தான் எங்கள் வீட்டில் விஞ்ஞானம் வளர்ந்தது.

வெறும் தண்ணீர்ச் சொட்டுகள் வேகமாக முட்டினால் ஒட்டும், உடனே நீண்டு பிய்த்துக்கொண்டு தனித்தனியாகப் போய்விடும். கிளிசரின் கூடினால் பிரிய முடியாமல் ஒரே சொட்டாகிவிடும். அக்கா இதை விஸ்காசிட்டி என்றாள். என் அறிவியல் புத்தகத்தில் பாகுநிலை என்று போட்டிருந்தது. அம்மா எட்டிப் பார்த்து, "அட, பாகு பதம்தானேடி இது! தண்ணி கூடிப்போச்சுன்னா எதுவும் பிடிக்காது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அக்காவின் நாலு வருடப் படிப்பை அம்மா ஒரே வரியில் முடித்தது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

புராஜெக்டில் முதலாவதாக வந்தால் அக்காவை மேல்படிப்புக்குத் திருச்சிக்கு அனுப்புவதாக அத்தா வாக்குக் கொடுத்திருந்தார். வராவிட்டால் அக்கா வீட்டோடுதான். அக்கா ஐந்து வேளையும் துஆ கேட்டது முதலிடத்துக்காக. நான் கேட்டது நேர் எதிர். அவள் போய்விட்டால் எனக்கு யார் பின்னல் போடுவார்கள்? இடி இடித்தால் யார் போர்வைக்குள் சேர்த்துக்கொள்வார்கள்? அவள் போகக் கூடாது, அவ்வளவுதான்.

துஆவை மட்டும் நம்பியிருக்க எனக்குப் பொறுமையில்லை. வெள்ளிக்கிழமை அக்கா குளிக்கப் போன நேரம் பார்த்து, கலவை பாட்டிலில் ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றினேன். ரசக் கரண்டி. ஒன்றே ஒன்று.

மறுநாள் சொட்டுகள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஒட்டவும் மாட்டாமல் பிரியவும் மாட்டாமல் இழுத்தடித்தன. அக்கா ஓர் உயரமான கிளாஸில் கலவையை ஊற்றி, சைக்கிள் பேரிங் குண்டு ஒன்றைப் போட்டு, அது அடியில் போய்ச் சேரும் நேரத்தைக் குறித்தாள். கெட்டியான கலவையில் குண்டு மெதுவாக இறங்கும். அன்று விறுவிறுவென்று இறங்கியது. அக்கா என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னடி ஊத்துனே?"

"தண்ணிக்கா. ஒரு கரண்டி. ஒண்ணே ஒண்ணு."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவளோ நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டாள். "ஒரு கரண்டிக்கு இவ்ளோ இளகாதுடி. நாலு கரண்டியாவது ஊத்தியிருக்கணும்."

பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமல் சொன்னாள்: "விடுடி, சின்னப் புள்ள. அதுக்கு எண்ணத் தெரியுமா?"

பதினாறாம் வாய்ப்பாடு வரை கடகடவென்று ஒப்பிக்கிற என்னைப் பார்த்து! அக்கா அம்மாவையே கொஞ்ச நேரம் பார்த்தாள். புதிதாகக் கலக்க கிளிசரின் மிச்சமில்லை, திங்கட்கிழமை படங்களைக் காட்டியாக வேண்டும். அந்தக் கலவையையே ஊசிகளில் ஏற்றினாள்.

அன்று விழுந்த படம் ஒன்று எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இரண்டு சொட்டுகள் விலகிப் போகின்றன. நடுவில் மயிரிழை போல ஒரு நூல், அறுந்தும் அறாமல். ஒட்டுவதற்கும் பிரிவதற்கும் நடுவில் இருக்கும் அந்த எல்லை அவள் வகுப்பில் வேறு யாருக்கும் அகப்படவில்லையாம். முதலிடம் அக்காவுக்குத்தான். நான் வைத்த ஆப்பு அவளை நேரே திருச்சியில் கொண்டுபோய் விட்டது.

தாம்பரத்தில் பகல் ரயிலில் அவளை ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தோம். மேசை வெறிச்சென்று கிடந்தது. அழுகையை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் அம்மாவிடம் பழைய வழக்கை எடுத்தேன்.

"எனக்கு எண்ணத் தெரியும். நான் ஊத்துனது ஒண்ணுதான்."

"ஆமாண்டி கண்ணு, நீ ஒண்ணுதான் ஊத்துனே" என்று அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். ஒரு கரண்டிக் கணக்கில் தோற்றதற்குப் பெரிய மனுஷி ஒருத்தி இப்படியா அழுவாள் என்று நினைத்தேன். ஜெயித்த பெருமையில் எனக்கு அழ மறந்துபோனது.