ரத்தத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார்கள்

அன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது, ஒரு சொம்பு வெந்நீர் குடித்துவிட்டுக் கழிவறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டதுதான். உள்ளே இருக்கும்போது கைபேசி அடித்தது. ஓய்ந்து மறுபடியும் அடித்தது. நான் எழவில்லை. "அடிச்சா அடிக்கட்டுமுங்க. அந்தக் கால் மணி நேரம் உங்குளுது. யாருக்கும் குடுத்துராதீங்க" என்று எனக்குச் சொல்லியிருந்தவர் டாக்டர் ஜமீலா. வெளியே வந்து பார்த்தால் அடித்திருந்தது அவருடைய எண்தான். திருப்பி அழைத்தேன். அவருடைய தம்பி எடுத்தார். விடிவதற்குள் மாரடைப்பில் அக்கா போய்விட்டார், மதியத் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார். அவருடைய மரணச் செய்தியை வாசலில் காக்க வைத்ததுகூட அவர் பேச்சைக் கேட்டுத்தான்.

கொழிஞ்சாம்பாறையில் இரும்புக்கடை வைத்திருந்தவரின் மகள் அவர். தன்னைவிட இளையவளான என்னையும் கடைசிவரை 'ங்க' போட்டுத்தான் பேசினார். எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் பல வருடங்கள் அவர் செய்த வேலை இன்று எல்லோரும் சொல்லிப் பெருமைப்படுகிற வேலை. ரத்தம் அந்நியப் பொருள் எதன்மேல் பட்டாலும் உறையப் பார்க்கும். உடம்புக்குள் வைக்கும் குழாய்களை ரத்தம் உறையாத பொருளில் செய்ய வேண்டும். அந்தப் பொருளைத் தேடிச் சோதிப்பதில் அவருக்கு இருந்த பொறுமை வேறு யாருக்கும் இல்லை. நான் அவருடைய உதவி ஆராய்ச்சியாளர்.

அந்த வேலையை விட்டுவிட்டு நாள்பட்ட மலச்சிக்கலை எப்படிக் கண்டறிவது என்ற ஆராய்ச்சிக்கு அவர் மாறியபோது, ரத்தத்திலிருந்து கீழே இறங்கிவிட்டார் என்று உணவகத்தில் சிரித்தார்கள். அவர் காதில் விழும்படியேதான் சிரித்தார்கள். அதற்கு முன் உடும்பஞ்சோலை மலைப் பக்கம் ஒரு மருத்துவ முகாமுக்குப் போனபோது, ஏலத்தோட்டப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டது ஒரே மருந்தைத்தான். அதைக் கேட்டுவிட்டு அவரால் பழைய மேசைக்குத் திரும்ப முடியவில்லை.

நானும் அந்த மலைக்காரிதான். என் அம்மா ஏலக்காய் பறித்தவர். முதல் பயணத்தில், வண்டி மலை ஏறிக்கொண்டிருந்தபோது டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்து, "கெளம்புனதுல இருந்து சொட்டுத் தண்ணி குடிக்கல. உங்குளுக்கு எந்த வயசுல ஆரம்பிச்சதுங்க?" என்று கேட்டார். அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் தண்ணீர் பாட்டிலை என் மடியில் வைத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போனார்.

அந்தப் பெண்களில் பலர் எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டிலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறி வருகிறவர்கள். ஜீப் யாருக்காகவும் நிற்காது. தோட்டத்தில் கழிப்பறை கிடையாது. வீடு திரும்பும்வரை அடக்கிக்கொள்ள வேண்டும். துறைத்தலைவர் அனுமதித்த சோதனை இதுதான்: படத்தில் தெரியக்கூடிய சிறு வளையங்கள் அடங்கிய மாத்திரையை விழுங்கச் செய்து, சில நாள் கழித்து எக்ஸ்ரே எடுப்பது. வளையங்கள் உள்ளேயே தங்கியிருந்தால் குடல் மந்தம். ஏறக்குறைய எல்லாப் படங்களிலும் வயிறு காலியாக இருந்தது. நோய் இல்லை என்றார்கள். டாக்டர் மட்டும் நம்பாமல் மறுபடி மலையேறினார். பேச்சியம்மாள் என்ற தொழிலாளி ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார்.

"படம் புடிக்கப் போறோம்னு சொன்னீக. உள்ள கெடக்குற அசிங்கம் படம் புடிக்கிற ஆம்பளையாளு கண்ணுல பட்டா நல்லாவா இருக்கும்? அதான் எல்லாரும் பேசிக்கிட்டு மொத நாளே வெளக்கெண்ணெ குடிச்சிட்டோம். ஏந்தாயி, வீட்டுக்கு ஆளு வருதுன்னா நீங்க கூட்டிப் பெருக்க மாட்டீகளா?"

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார், பேச்சியம்மாளும் சேர்ந்து சிரித்தார். வண்டியில் ஏறிய பிறகுதான் டாக்டரின் முகம் மாறியது. தப்பு அவர்கள்மேல் இல்லை, விருந்தாளிபோலப் போய் நின்ற நம்மேல்தான் என்றார்.

அதற்குப் பிறகு அவர் கேட்டது எளிய சோதனை. ஒரு சிறு பலூனை மலக்குடலில் வைத்துக் கொஞ்சம் தண்ணீர் நிரப்பி, கதவைச் சாத்திவிட்டு, அந்தப் பெண்ணால் அதை வெளியேற்ற முடிகிறதா என்று பார்ப்பது. வருடக்கணக்கில் அடக்கிப் பழகிய தசை, விட வேண்டிய நேரத்திலும் இறுகும். எந்த எண்ணெயாலும் அதை மறைக்க முடியாது. துறைத்தலைவர் பலூன் விளையாட்டுக்கு அனுமதி இல்லை என்றார். பழைய படங்களை வைத்தே, அந்தப் பெண்களுக்கு நோய் இல்லை என்று கட்டுரை வெளிவந்தது. டாக்டர் தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். மகிழ்ச்சியோடு எடுத்தார்கள். பெண்கள் கழிப்பறை கேட்டபோது தோட்டத்து மேலாளர் அந்தக் கட்டுரையைத்தான் காட்டினார். இன்றுவரை அங்கே ஒரு கழிப்பறை கட்டப்படவில்லை.

"ரத்தம் ஒத்துக்கற மாதிரி ஒரு கொழாயச் செஞ்சுட்டமுங்க. ஒரு பொம்பள நிம்மதியா உக்கார்ற மாதிரி ஒரு கதவு செய்ய முடியலீங்களே" என்று கடைசியாகப் பார்த்தபோது சொன்னார். ஓய்வு பெற்ற பிறகும் அவர் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லி உபசரிப்பார்கள். அவர் அந்த நோயின் பெயரைச் சொன்னதும் பேச்சை மாற்றுவார்கள்.

அடக்கத்தன்று டாக்டர் வீட்டு வாசலில் துறைத்தலைவர் என்னைத் தனியாக அழைத்தார். வெள்ளிக்கிழமை இரங்கல் கூட்டத்தில் நான்தான் பேச வேண்டுமாம். ரத்த ஆராய்ச்சியோடு நிறுத்திக்கொண்டால் போதும், பெரிய மனிதர்கள் வருகிறார்கள், மற்றதெல்லாம் மேடைக்கு அழகாக இருக்காது என்றார். எழுந்து வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டு தலையாட்டினேன். அடக்கிக்கொள்வதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. உள்ளே போய் டாக்டரின் முகத்தைப் பார்த்தேன். களைத்திருந்தது. சாந்தம் என்று யாரோ சொன்னார்கள், எனக்கு அப்படித் தெரியவில்லை.

அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய பொறுமை நினைவிருக்கும், 'ங்க' நினைவிருக்கும். என்னிடம் மிஞ்சியிருப்பது தாழிட்ட கதவுக்குப் பின்னால் எனக்கென்று இருக்கும் அந்தக் கால் மணி நேரம். மலைமேல் இருக்கிற பெண்களுக்கு அது இன்னும் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மேடையில் ரத்தத்தைப் பற்றி இரண்டு வாக்கியம் பேசுவேன். பிறகு மலச்சிக்கல் என்ற வார்த்தையைச் சொல்வேன். வெளிவந்த முடிவு தவறு, ஏன் தவறு என்று சொல்வேன். பள்ளிக்கூட வயதிலிருந்து நானும் அந்த நோயாளி என்றும், பலூன் சோதனைக்கு முதல் ஆளாக என்னை எழுதிக்கொள்ளுங்கள் என்றும் சொல்வேன். என் கணவரிடம்கூட இதை இன்னும் சொல்லவில்லை.