காய்ச்சல் வராதவள்

மாமா மகள் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வாரமே எனக்கு அவளைப் பிடிக்காமல் போய்விட்டது. அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

மாமாவுக்கு பாப்புவா நியூகினியில், காட்டை ஒட்டிய ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் மெக்கானிக் வேலை. மகள் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். படிப்புக்காக அவளைப் பினாங்குக்கு எங்களிடம் அனுப்பினார். பள்ளியில் சேர்க்கும் முன் உடம்பைப் பரிசோதித்தபோது இரத்தத்தில் மலேரியாக் கிருமி இருந்தது. ஆனால் காய்ச்சல் இல்லை, நடுக்கம் இல்லை. மகாராணி என் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருவெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அம்மாவின் தங்கை, என் சித்தி, மலேரியாத் தடுப்பூசி ஆராய்ச்சியில் வேலை பார்த்தார். விஷயம் காதில் விழுந்ததும் ஓடி வந்தார். மாமாவிடம் போனில் சம்மதம் வாங்கி, கிருமிக்கு மருந்து கொடுக்கத் தொடங்கும் முன்பே அவளுடைய இரத்தத்தைக் குப்பியில் பிடித்துவிட்டார்.

"சின்னதுலேர்ந்து திரும்பத் திரும்பக் கொசுக்கடி, திரும்பத் திரும்பக் காய்ச்சல். அதுல கிடந்து கிடந்து இவ உடம்பு கிருமிய அடக்கக் கத்துக்கிச்சுக்கா," என்றார் அம்மாவிடம், கண்ணை விரித்து அவளையே பார்த்தபடி. "அந்தக் காய்ச்சல் எதுவும் இல்லாம, அத மட்டும் ஒரு ஊசியில கொடுக்க முடிஞ்சா போதும்லா!"

என்னைப் பார்த்து யாராவது கண்ணை அப்படி விரித்ததுண்டா? "என் இரத்தத்தையும் எடுங்க சித்தி," என்று கையை நீட்டினேன்.

"ஓ, எடுக்கலாமே. ஒப்பிட்டுப் பாக்க ஒன்னுமே தெரியாத இரத்தமும் வேணும்தான்."

ஒன்றுமே தெரியாத இரத்தமாம்! வகுப்பில் முதல் மாணவி நான். அவளுக்கோ வாய்ப்பாடுகூடச் சரியாக வராது. அன்று மதியம் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் நாசி கண்டார் கறிச்சோறு சாப்பிடப் போனோம். பெரிய கோழித்தொடை அவள் தட்டுக்குப் போனது. நானும்தானே இரத்தம் கொடுத்தேன்? யார் கேட்டார்கள்!

வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அம்மா இதையே சொல்லிக்கொண்டிருந்தார். "இவளுக்கு மலேரியாவே வராதுலா." அவளும் கன்னத்தில் குழி விழ நிற்பாள். எனக்குச் சோறு இறங்காது.

அடுத்த வருடம் சித்தி மறுபடியும் அவளிடம் இரத்தம் எடுத்தார். "எதிர்ப்பு சக்தி குறைஞ்சுக்கிட்டே வருது. இங்க கடிக்கிற கொசுவுல அந்தக் கிருமி இல்ல. கத்துக்கிட்டத உடம்பு மறக்குது," என்றார் வருத்தமாக. அன்று குடும்ப ஜெபம் முடிந்த பிறகு மாதாவுக்கு நான் தனியாக நன்றி சொன்னேன்.

அதற்கடுத்த கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அம்மா எங்கள் இருவரையும் மாமாவிடம் அழைத்துப்போனார். மலேரியா வராமலிருக்க புறப்படும் முன்பே மாத்திரை தொடங்க வேண்டும். சித்தி அப்போது வெளிநாட்டில் ஏதோ கூட்டத்தில் இருந்தார். மாமாதான் போனில் சிரித்தார். "அவளுக்கு எதுக்குக்கா மாத்திரை? அவ இந்த ஊருப் பிள்ளை."

பெற்ற தகப்பனே சொல்லும்போது அம்மா என்ன செய்வார்? மாத்திரை எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான். கொசுவலை, களிம்பு, முழுக்கைச் சட்டை எல்லாம் எனக்கு. பாசமழை என்று நினைத்துக் குளிர்ந்துபோனேன். ஆனால் நான் அந்தக் கசப்பை விழுங்குவதைப் பார்த்து அவள் நாக்கைத் துருத்திவிட்டு, அரைக்கால் சட்டையோடு ஆற்றங்கரைக்கு ஓடினாள். என் குளிர்ச்சியெல்லாம் போயிற்று.

ஊர் திரும்ப இருந்த வாரத்தில் அவள் நடுங்கத் தொடங்கினாள். கட்டிலே ஆடியது. சாயங்காலத்துக்குள் கண் செருகி, வலிப்பு வந்துவிட்டது. மாமா அவளைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார். "நான்தான் மாத்திரை வேணாம்னேன், நான்தான் வேணாம்னேன்," என்று தலையில் அடித்துக்கொண்டார். பிழைப்பாளா என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. அம்மா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பவே இல்லை. நான் அழுதேன். அவளுக்காக அழுகிறேன் என்று நினைத்து மாமா என்னை அணைத்துக்கொண்டார்.

ஒருவழியாக அவள் கண் திறந்து தண்ணீர் கேட்டாள். அம்மா அப்படியே முழங்காலில் விழுந்தார். மாமா முகம் கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்போதுதான் அந்த வார்டைச் சரியாகப் பார்த்தேன். ஒரே கட்டிலில் இரண்டு குழந்தைகள், மூன்று குழந்தைகள். பால்குடி மறக்காததுகள்கூட இருந்தன. பக்கத்திலேயே தாய்மார்கள் ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"இவங்களுக்கும் மலேரியாவா மாமா?"

"ஆமாம்மா."

"அப்ப பெருசானா இவங்க உடம்பும் கத்துக்குமா? அவளுக்கு இருந்த மாதிரியே?"

"ம்."

"எல்லாருக்குமா?"

"பெருசாகுற வரைக்கும் இருக்குறவங்களுக்கு," என்றார் மாமா. எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். குழந்தைகள் போட்ட சத்தத்தில் நான் கேட்டது அவர் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை பேருக்கும் கிடைக்கப்போகிறது, எனக்கு மட்டும் இல்லை. அந்தக் குழந்தைகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.