அறுநூறாவது மீட்டரில் ஒரு குரல்

என் மனைவி ருக்மிணியின் பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும், வந்திருந்தவர்களுக்கு நன்றி சொல்ல எழுந்தேன். வாய் அசைந்தது, குரல் எழவில்லை. அதன்பின் ஓராண்டு முழுவதும், அருகில் இருப்பவர் குனிந்து கேட்டால்தான் கேட்கும் அளவுக்கு என் பேச்சு ஒடுங்கியிருந்தது. தொண்டையில் குறையில்லை என்றார் மருத்துவர். மனம்விட்டு அழுதால் சரியாகலாம் என்றார். அதுவும் எனக்கு வரவில்லை.

கற்பகாம்பாள் சந்நிதியில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் உங்களில் பலர் ருக்மிணியை அறிவீர்கள். மாடவீதியில் பல்லாண்டுகள் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவள். எங்கள் ஒரே மகள் மைதிலியோ ஓட்டக்காரி. எண்ணூறு மீட்டர், மைதானத்தை இரண்டு சுற்று. அதை இரண்டு நிமிடத்துக்குள் ஓடி முடித்த பெண்கள் நம் நாட்டில் மிகச் சிலர். மைதிலி அந்த எல்லையைத் தொட்டுத் தொட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

அவளுக்குத் தடை அறுநூறாவது மீட்டரில். களைப்பில் தோள்கள் மேலேறும், மூச்சு குறுகும். அதை முதலில் கண்டவள் ருக்மிணி. மேல் ஸ்தாயிக்குச் சிரமப்படும் மாணவிகளின் தோள்களும் அப்படித்தான் ஏறுமாம். ஒவ்வொரு போட்டியிலும் அந்த இடத்துக் கம்பித் தடுப்பருகே நின்று, "தோள எறக்குடி" என்று கத்துவாள். மைதானமே திரும்பிப் பார்க்கும். தோள்கள் இறங்கும். பக்கத்தில் கைகட்டி நிற்கும் என்னை ஒருமுறை கேட்டாள்: "ஏன்னா, வாயில வெத்தலையா வெச்சிண்டிருக்கேள்? நீங்களும் ஒரு தடவை கத்தித்தான் பாருங்களேன்." நான் முப்பது ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன். வகுப்பில்கூடக் குரலை உயர்த்தியதில்லை.

அவள் போனபின் மைதிலியின் ஓட்டம் தளர்ந்தது. அடையாறு மைதானத்தில் பயிற்சியாளர் வேலு என்னைத் தனியே அழைத்தார்.

"கடைசி எரநூறுல தோளு காதாண்ட ஏறிக்கினு போவுது சார். அம்மா ஒரு சவுண்டு வுட்டா எறங்கிடும். நான் கத்தினா பாப்பா காதுலயே வாங்கல. நீ வந்து நில்லு சார்."

"எனக்குக் குரலே இல்லையே, வேலு."

"இன்னா சார், வாத்தியாரா இருந்துகினு குரல் இல்லன்றியே."

அன்றிரவு சாப்பிடும்போது மைதிலி தட்டைப் பார்த்தபடி சொன்னாள்: "அடுத்த மாசம் ஒரு ரேஸ் இருக்குப்பா. அதுலயும் டைம் வரலேன்னா நிறுத்திக்கறேன். அம்மா இல்லாத டிராக்ல என்னால ஓட முடியல."

நிறுத்தாதே என்று சொல்லவும் எனக்குக் குரல் இருக்கவில்லை. ஆனால் நிறுத்த விடுவதில்லை என்று முடிவுசெய்தேன். மறுநாள் முதல் விடியற்காலையில் மெரினாவுக்குப் போய், கடலைப் பார்த்து நின்று கத்த முயன்றேன். வெறும் காற்றுதான் வந்தது. வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர், "இன்னா பெர்சு, கடலாண்ட சண்டையா?" என்று கேட்டுச் சிரித்தார். ஆம் என்று தலையசைத்தேன். ஒரு நாளும் போகாமல் இருந்ததில்லை. குரலும் வரவில்லை.

இதற்கிடையில் தலைத் திவசம் முடிந்தது. அதுவரை, அந்த ஓராண்டு கோயிலுக்குப் போவதில்லை என்ற எங்கள் குடும்ப வழக்கம் எனக்கு வசதியாகவே இருந்தது. அம்பாளிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை. போட்டியன்று காலையில் போனேன்.

"அர்ச்சனை யார் பேருக்கு மாமா?" என்றார் குருக்கள். சொன்னேன். "கூட்டத்துல காதுல விழல. செத்த உரக்கச் சொல்லுங்கோ." மறுபடி சொன்னேன். அவர் படியிறங்கி வந்து என் வாயருகே காதை வைத்தார். "மைதிலி, உத்திரட்டாதி" என்றேன்.

தீபாராதனையின்போது கேட்டேன்: "வெற்றி கேட்கவில்லை, தாயே. போனவளைத் திருப்பித் தரச் சொல்லவில்லை. ஒரே ஒரு மூச்சளவுக்குக் குரல் கொடு."

அன்று மாலை ருக்மிணி நிற்கும் இடத்தில் நின்றேன். முதல் சுற்று நன்றாகவே போயிற்று. இரண்டாம் சுற்றில் இருவருக்குப் பின்னால் மைதிலி வந்தாள். தோள்கள் ஏறத் தொடங்கியிருந்தன. வாயைத் திறந்தேன். ஒன்றுமில்லை. அவள் என்னை நெருங்கிவிட்டாள். கம்பியைப் பற்றிக்கொண்டு, "அம்மா" என்று உள்ளே அழைத்தேன்.

"தோள எறக்குடி!"

என் வாழ்நாளில் யாரையும் 'டி' போட்டு அழைத்தவனில்லை. சொற்கள் ருக்மிணியுடையவை, குரல் என்னுடையது. மைதிலியின் தோள்கள் இறங்கின. கைகள் நீண்டு வீசின. வளைவில் ஒருத்தியைக் கடந்தாள். நேர்ப்பாதையில் மற்றவளை நெருங்கினாள். அவள் இரண்டாவதாகத்தான் வந்தாள். ஆனால் பலகையில் அவள் பெயருக்கு எதிரே ஒரு நிமிடம் ஐம்பத்தொன்பது விநாடி என்று இருந்தது. நான் நின்ற இடத்திலேயே அமர்ந்து அழுதேன்.

மூச்சிரைக்க வந்தவள் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "அம்மா மாதிரியே கத்தினேப்பா," என்றாள். காலணி நாடாவை அவிழ்த்துக்கொண்டே, "சுருதிதான் சேரல."

என் துறை நண்பர்கள் இதற்கு வேறு காரணம் சொல்வார்கள். அவர்களோடு எனக்கு வழக்கில்லை. நான் கேட்டது ஒரு மூச்சளவு. அம்பாள் தந்ததோ இன்றுவரை நிலைத்திருக்கிறது. ஞாயிறுதோறும் அடையாறு மைதானத்தில், யார் பெற்ற பிள்ளை ஓடினாலும், அந்த அறுநூறாவது மீட்டரில் நின்று கத்துகிறேன். மைதிலி ஓட்டத்தை நிறுத்தவில்லை.

சொல்ல முடியாத துயரோடு வீட்டில் அடைந்திருப்பவர் உங்களில் எவரேனும் இருந்தால், இந்த வெள்ளிக்கிழமை சந்நிதிக்கு வாருங்கள். குரல் எழாவிட்டாலும் வாருங்கள். உங்களுக்காக உரக்கப் பெயர் சொல்ல நான் அங்கே இருப்பேன்.